காலால் வாசிக்கிறவன்

மத்தியானம் இரண்டு மணிக்குத் தையல்கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே இருப்பதற்குச் சோமசேகரன் ஆளுக்கொரு காரணம் சொன்னார். எதிர்த்த டீக்கடையில் கேட்டதற்குக் கண் கூசுகிறது என்றார். பக்கத்துச் செருப்புக்கடையில் கேட்டதற்குத் தூசி என்றார். ஆடிக்காற்று காரைக்கால் தெருக்களில் மணலை வாரிக்கொண்டிருந்த நேரம், அதனால் இரண்டாவது பொய் எடுபட்டது. உள்ளே ஐம்பத்தேழு வயது மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மின்விசிறியைக்கூடப் போடாமல் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு பலகையின் மேல் சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகளை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். சீட்டாடுகிறவன்கூட இவ்வளவு பதுங்க மாட்டான்.

அந்தப் பெட்டிகள் கிட்டார் பெடல்கள். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மாட்டி, வாசிக்கும்போது காலால் மிதிப்பது. ஒன்றை மிதித்தால் சத்தம் கரகரக்கும், ஒன்றை மிதித்தால் எதிரொலிக்கும். நாலைந்து பெட்டிகளை ஒரே பலகையில் ஒட்டி, ஒன்றோடொன்று வயரால் கோத்து வைத்தால் அது பெடல்போர்டு. இப்போது வாசிக்கிற இருபது வயதுப் பையன்கள் எல்லோரிடமும் இருக்கிறது. சோமசேகரனிடம் இல்லை. முப்பத்து மூன்று வருஷமாக அது தன்னிடம் இல்லை என்பதைத்தான் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடல்ராகம் மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார் அவர்தான். ஒரே கிட்டார், ஒரே வயர், ஒரே ஆம்ப். கோயில் திருவிழா, தர்கா கந்தூரி, மாதா கோயில் கொடியேற்றம், கல்யாணம், எங்கே போனாலும் அவ்வளவுதான். "எல்லாம் வெரல்ல இருக்கு" என்பார். பெடல் வைத்திருப்பவனைக் கண்டால், "காலால வாசிக்கிறவன்" என்பார். டீக்கடையில், மேடையில், கல்யாணப் பந்தியில், எங்கே சொன்னாலும் நாலு பேர் தலையாட்டுவார்கள். அப்படித் தலையாட்டியவர்கள் எல்லோரும் நல்லபடியாக இன்னும் இதே ஊரில் இருக்கிறார்கள் என்பதுதான் இப்போது தொல்லை.

வினை ஆனி மாதமே தொடங்கிவிட்டது. குழுவை நடத்தும் சிங்காரவேலன் சட்டைக்கு அளவு கொடுக்கிற சாக்கில் கடைக்கு வந்தான்.

"அண்ணே, பிரான்சுலேர்ந்து வர்ற ஆர்மான் வீட்டுக் கல்யாணம் ஆவணி மொத முகூர்த்தம். அவரு பொண்ணு கிளோயே பாரீசுலேர்ந்து பாட்டு லிஸ்ட் அனுப்பியிருக்கு. எல்லாம் இப்பத்திய பாட்டு. கிட்டாரு தண்ணிக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி, எங்கேயோ மலைக்கு அந்தாண்டேர்ந்து வர்ற மாதிரி கேக்கணும்."

"நான் வாசிக்கிறது எங்கேர்ந்து வர்ற மாதிரி கேக்குது?"

"ஒங்க கையிலேர்ந்து வர்ற மாதிரி கேக்குது. அதாண்ணே பிரச்சன."

சோமசேகரன் அளவு நாடாவை அவன் கழுத்தில் போட்டபடியே நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கீபோர்டு பையனே கிட்டாரு சத்தத்தையும் வாசிச்சுர்றேங்கறான். நீங்க வேணும்னா இந்தக் கச்சேரிக்குச் செத்த ரெஸ்ட் எடுத்துக்கங்க."

ரெஸ்ட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். புல்லாங்குழல் வாசித்தவருக்கு ஒரு கச்சேரிக்கென்று கொடுத்த ரெஸ்ட் இன்றைக்கும் முடியவில்லை. "நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஆர்மானே பெடல்களையும் கொண்டுவந்து சேர்த்தார் என்பது அதிர்ஷ்டமா இல்லையா என்று சொல்ல முடியாது. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் காரைக்காலில் கால் வைத்ததும் பேண்ட் பெரிதாகிவிடும் அல்லது சிறிதாகிவிடும், பிடித்தோ பிரித்தோ கொடுப்பது சோமசேகரன் வேலை. கல்யாணக் கோட்டைப் பிரிக்கக் கொண்டுவந்த ஆர்மான், பேச்சுவாக்கில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, மறுநாள் ஒரு ஷூ டப்பாவோடு வந்தார். "என் மகன் கடாசிட்டுப் போனது மாஸ்டர். பாரீசுல குப்பையில போட மனசு வரல, தூக்கிட்டு வந்தேன்." உள்ளே நாலு பெடல். கரகரப்புக்கு ஒன்று, அலை மாதிரி ஆட்டுவதற்கு ஒன்று, எதிரொலிக்கு ஒன்று, பெரிய மண்டபத்தில் நிற்கிற மாதிரிக் காட்டுவதற்கு ஒன்று.

வேலை என்று இறங்கிவிட்டால் மனிதர் சளைத்தவரில்லை. இஸ்திரி மேசையின் பழைய பலகையை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே கறுப்பு ரெக்சின் இழுத்துக் கட்டினார். பெடல்களை ஒட்ட வெல்க்ரோ ஒட்டுநாடா வேண்டும், அது அவரிடம் சுருள் சுருளாக இருந்தது. வயர் நீளமாகத் தொங்கியது. ரெக்சினில் சின்னச் சின்னக் காது தைத்து, வயரை அதற்குள் நுழைத்து அடக்கினார். கோயில் மேடையில் செருப்புப் போட முடியாது, வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும், பெடலில் மிதிக்க வேண்டிய இரும்பு முனை உள்ளங்காலைக் குத்தும். யோசித்து, ஒவ்வொரு முனையிலும் ஒரு பெரிய கோட்டுப் பொத்தானை வைத்து ஒட்டினார். பெடலுக்குப் பெடல் எவ்வளவு இடைவெளி விடுவது என்று தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் ஊரார் மார்பையும் இடுப்பையும் அளந்தவர், முதல் தடவையாக நாடாவைத் தன் பாதத்தில் வைத்து அளந்தார்.

அளந்தது சரியாக இருந்தது. கால்தான் சரியாக இல்லை. விரல் எந்தக் கம்பிக்குப் போக வேண்டும் என்று அவர் நினைப்பதற்குள் போய்விடும். காலோ, தையல் மெஷினை மிதித்தே பழகிய கால். முனையை மிதித்ததும் குதிகாலை ஊன்றி மறுபடி மிதிக்கும். பெடல் ஒரு மிதிக்கு விழித்து மறு மிதிக்குத் தூங்கிவிடும். முப்பத்து மூன்று வருஷ வாசிப்பு வைத்திருப்பவர் பாதி இருட்டில் அரிச்சுவடி படிக்கிற மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். யாராவது குனிந்து ஷட்டருக்குக் கீழே பார்த்தால் ஒரு கால் மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருப்பது தெரியும். அதை நினைத்தாலே அவருக்கு வேர்த்தது.

கடைசியில் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுத்தபோது ஒரு சத்தம் வந்தது. பாட்டு இல்லை. தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஓர் இரைச்சல். பெடலை அணைத்தாலும் நிற்கவில்லை. வயரை மாற்றினார், அடாப்டரை மாற்றினார், பெடல்களை இடம் மாற்றினார். இரைச்சல் தன் இடத்தை விட்டு நகரவில்லை. கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது.

"குரும்பகரம் மாறன்கிட்ட எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றான் சிங்காரவேலன் போனில். "திருமலைராயன்பட்டினத்துலேர்ந்து நாகூர் வரைக்கும் எல்லா ஆம்ப்ளிஃபயரும் அவன்கிட்டதான் போவுது. ஒங்க பேரச் சொன்னாப் போதும், சாப்பாட்ட விட்டுட்டு எழுந்து வருவான். ஒங்க மேல அவனுக்கு அவ்ளோ மரியாத."

சோமசேகரன் போனை வைத்தார். அந்த மரியாதையை அவர் எப்படிச் சம்பாதித்தார் என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கட்டிய பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், காரைக்கால்மேட்டில் அம்மன் கோயில் திருவிழாக் கச்சேரி. மாறனுக்கு அப்போது இருபத்தொன்று. குழுவில் இரண்டாவது கிட்டார். பிரான்சில் இருக்கும் மாமா வாங்கி அனுப்பிய எதிரொலிப் பெடல் ஒன்றை முதல் தடவையாக மேடைக்குக் கொண்டுவந்திருந்தான். சாமான்களை இறக்கியதும் அவரவர் வாத்தியத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது குழுவில் வழக்கம். மாறன் கிட்டாரைத் தொட்டு ஒற்றிக்கொண்டான். பிறகு குனிந்து பெடலையும் தொட்டு ஒற்றிக்கொண்டான்.

"பாருங்கப்பா, கும்புட்டுட்டு மிதிக்கப் போறான்" என்றார் சோமசேகரன். "காலால வாசிக்கிறவன்."

பையனுக்குச் சூது கிடையாது. நிஜமாகவே யோசித்துப் பதில் சொன்னான். "நீங்களுந்தான மாஸ்டர் தையமிசின காலால மிதிக்கிறீங்க? ஆயுத பூசைக்கு அதுக்கும் பொட்டு வெக்கிறீங்கல்ல?"

தபேலாக்காரர் முதலில் சிரித்தார். பிறகு குழு மொத்தமும், ஒலிபெருக்கி கட்டுகிறவர்களும், மேடையோரம் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். சோமசேகரனும் சிரித்தார். அவர் சிரித்ததை நம்பி எல்லோரும் சாப்பிடப் போனார்கள். வயிறு சரியில்லை என்று அவர் மட்டும் மேடையில் தங்கினார்.

குழுவின் அடாப்டர்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும். ஒன்றுபோலவே கறுப்பு. மாறிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் டேப் சுற்றியிருக்கும். முந்தின நாள் உட்கார்ந்து சுற்றியவன் மாறன்தான். அவனுடையது மஞ்சள். டின்னின் அடியில், கெட்டுப்போன ரிதம் பேடின் பழைய அடாப்டர் ஒன்று டேப் இல்லாமல் கிடந்தது. அதில் பிளஸ்ஸும் மைனஸும் தலைகீழ், யாரும் எடுத்துவிடாதீர்கள் என்று தபேலாக்காரர் பத்துத் தடவை சொல்லியிருக்கிறார். சோமசேகரன் மஞ்சள் டேப்பைக் கிழியாமல் உரித்து அந்தப் பழைய அடாப்டரில் சுற்றினார். தையல்காரர் கை, அச்சாகச் சுற்றியது. மாறனுடைய அடாப்டரை டேப் இல்லாமல் டின்னின் அடியில் போட்டார்.

இரண்டாவது பாட்டில் மாறன் பெடலை மிதித்தபோது கருகிய வாசனை வந்தது. அவன் கிட்டார் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. கூட்டம் விசிலடித்தது. அந்த இடத்தைச் சோமசேகரன் தன் விரலால் வாசித்து நிரப்பினார். கைதட்டலும் வாங்கினார்.

அத்தோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். மறுவாரம் பையனுடைய அப்பா மருதையன், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்து, "இவன என்னா பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க மாஸ்டர்" என்று நின்றார். சோமசேகரன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "பையன் தங்கமானவன். கவனந்தான் பத்தாது. கரண்டு வெளையாட்டு இல்லீங்க. வேற எதுலயாவது போட்டுவிடுங்க" என்றார். மருதையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அந்த நல்ல வார்த்தைக்காக ஒவ்வொரு பொங்கலுக்கும் குரும்பகரத்திலிருந்து ஒரு பை புது அரிசியும் ஒரு பரங்கிக்காயும் யார் கையிலாவது வந்து சேர்ந்துவிடும். அந்த அரிசிச் சோறு சோமசேகரன் தொண்டையில் சிக்கியது என்று சொன்னால் பொய். நன்றாகவே இறங்கியது. இப்போது நினைக்கும்போது அதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

பலகையை மொபெட்டின் பின்னால் கட்டும்போது மனைவி தாமரைச்செல்வி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வர்றேன்."

"நீ எதுக்கு? வெயிலு."

"வருசம் தவறாம அரிசி அனுப்புறாங்க. ஒரு தடவ அவங்க வாசப்படி மிதிச்சதில்ல. எனக்கு வெக்கமா இருக்குங்க" என்றாள். அரை கிலோ ஆப்பிளும் ஒரு பொட்டலம் மிக்சரும் வாங்கி வைத்திருந்தாள். அவர் பலகையை முன்பக்கம் மாற்றி வைத்தார்.

வழியெல்லாம் எதிர்க்காற்று. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு இன்னும் ஒழுங்காக வந்து சேரவில்லை. வாய்க்காலில் பாதம் நனைகிற அளவு ஓடியது. குறுவைக்கு அங்கங்கே போர்வெல் மோட்டார் இறைத்துக்கொண்டிருந்தது. திரும்பிவிடலாமா என்று அவர் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினார். இரண்டு தடவையும் தாமரைச்செல்வி, "பெட்ரோல் இருக்குல்ல?" என்று கேட்டாள்.

வாசல் தகரக் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மருதையன் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தொடுகிற வயசு. நாற்பது வருஷம் டீசல் இன்ஜின் பக்கத்தில் நின்று காது போய்விட்டது. தான் பேசுவது தனக்கே கேட்காததால் எல்லாவற்றையும் கூவித்தான் சொல்வார்.

"மாஸ்டரா? வாங்க வாங்க! சுகிர்தா, யாரு வந்துருக்கா பாரு! மாறனுக்கு நல்ல வழி சொன்ன மனுசரு!"

மருமகள் சுகிர்தா மோர் கொண்டுவந்தாள். சோமசேகரன் மடக்கென்று குடித்து முடித்துவிட்டார், பதில் சொல்லாமல் இருப்பதற்காக.

முன்னறைதான் மாறனின் பட்டறை. சுவரோரம் பிரித்துப்போட்ட ஆம்ப்ளிஃபயர்கள். மாறனுக்கு இப்போது காதோரம் நரைத்திருந்தது. பலகையை வாங்கி மேசையில் வைத்து, நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாஸ்டர், இந்தக் கோட்டு பட்டன் யாரு யோசன?"

"நாந்தான். வெறுங்காலு குத்துதுன்னு."

"எத்தன போர்டு பாத்துருக்கேன், ஒருத்தனுக்கும் தோணல. எல்லாரும் ஷூ போட்டு வாசிக்கிறவன் செஞ்சத அப்புடியே வாங்கிட்டு வந்து காலப் புண்ணாக்கிக்கிறான். வயருக்குக் காது தச்சிருக்கீங்க பாருங்க." அவனுக்கு நிஜமாகவே சந்தோஷம். "ஆனா வரிசை தப்பு. எதிரொலிய மொதல்ல வெச்சிருக்கீங்க. கரகரப்பு மொதல்ல, எதிரொலி கடைசில. நாலுக்கும் ஒரே அடாப்டர்லேர்ந்து இழுத்தா எரையத்தான் செய்யும். நாலுக்கும் தனித்தனியா பிரிச்சுக் குடுக்கிற பெட்டி ஒண்ணு நானே செஞ்சு வெச்சிருக்கேன், மாட்டிர்றேன். ஒக்காருங்க."

பற்றவைப்புக் கம்பியைச் சூடேற்றினான். ஈயம் உருகிப் புகை வந்தது. உள்ளே மடவை மீன் குழம்பு கொதித்தது. தாமரைச்செல்வி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு கரண்ட் வயரையும் பெடலில் சொருகுவதற்கு முன் மாறன் முனையின் நடுவில் வருவது மைனஸ்தானா என்று வெளிச்சத்தில் பார்த்து, "நடு மைனஸ், நடு மைனஸ், நடு மைனஸ்" என்று வாய்விட்டு மூன்று தடவை சொன்னான்.

"என்னா தம்பி, மந்திரமா?" என்றாள் தாமரைச்செல்வி.

"அது ஒரு வியாதிக்கா" என்றாள் சுகிர்தா அடுப்படியிலிருந்து. "கேஸ மூடிட்டு மூணு தடவ பாக்கணும். பூட்ட மூணு தடவ இழுக்கணும். கல்யாணத்தன்னிக்குத் தாலி முடிச்சயே திருப்பித் திருப்பிப் பாத்தாரு. எங்கம்மா பயந்துட்டாங்க."

மாறன் சிரித்தான். "மாஸ்டருக்குத் தெரியும் கதை. அன்னைக்கு மேடையில இருந்தாரு. அக்கா, எங்க மாமா அனுப்புன பெடலு. மொத நாளு. நானே டேப்பு சுத்தி, நானே மாத்தி சுத்தி, நானே கொளுத்திட்டேன். புதுசா வர்ற பையன்கள் எல்லார்ட்டயும் இதத்தான் மொதப் பாடமா சொல்லுவேன். எப்புடிச் சுத்துனேன்னு எத்தனையோ நாளு யோசிச்சிருக்கேன். மஞ்ச டேப்ப நல்லதுல சுத்துன மாதிரியே ஞாபகம் இருக்கு. ஞாபகத்த நம்பக் கூடாதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"வாசிக்கிறத ஏன் விட்டீங்க?" என்று கேட்டாள் தாமரைச்செல்வி.

"கம்பிய தொட்டாலே சரியா மாட்டுனோமான்னு நெனப்பு வந்துரும்க்கா. தாளம் போயிரும். அப்பறம் எங்கப்பா வேற..." குரலைத் தாழ்த்தினான், வாசலில் இருப்பவருக்குக் கேட்காது என்று தெரிந்தும். "ஊரு பூரா மிசினு என்கிட்ட வருது. எங்க மோட்டாருல பீசு போனா மட்டும் அடுத்த ஊர்லேர்ந்து ஆளு வரணும். என்னத் தொடவிட மாட்டாரு. ஒனக்குக் கவனம் பத்தாதுன்னு பெரியவங்களே சொல்லிட்டாங்கம்பாரு."

பெரியவங்க என்றபோது அவன் சோமசேகரனைப் பார்த்துச் சிரித்தான். குற்றமாக இல்லை, பழகியவரைப் பார்த்துச் சிரிப்பதுபோலத்தான். சோமசேகரன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து ஓடிவிடலாம்போல் இருந்தது. பலகை மேசை மேல் பிரிந்து கிடந்தது.

"முடிஞ்சுது. வாசிச்சுப் பாருங்க மாஸ்டர்." மாறன் பலகையைத் தரையில் வைத்து, ரிப்பேருக்கு வந்திருந்த கிட்டார் ஒன்றை மாட்டி நீட்டினான்.

இரைச்சல் இல்லை. கிணற்றுக்குள் மாதிரி நிசப்தம். சோமசேகரன் எதிரொலிப் பெடலை மிதித்தார், கால் சொன்னபடி கேட்டது. நாலே சுரம் வாசித்தார். நாலும் போய் எங்கேயோ மோதித் திரும்பி வந்தன. அவருக்கே உடம்பு சிலிர்த்தது. இந்தச் சத்தத்துக்குத்தான் அன்றைக்கு இருபத்தொரு வயசுப் பையன் குனிந்து கும்பிட்டிருக்கிறான் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

மாறன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். "நீங்களே பெடலுக்கு வந்துட்டீங்கல்ல மாஸ்டர், அது போதும் எனக்கு. நான் அன்னைக்கு ஆசப்பட்டது தப்பில்ல. என் கைதான் தப்பு."

"ஒன் கை இல்ல" என்றார் சோமசேகரன்.

"என்னா மாஸ்டர்?"

"டேப்ப மாத்திச் சுத்துனது நான். மஞ்ச டேப்பு. நீங்கள்லாம் சாப்பிடப் போனீங்கல்ல. நாந்தான் உரிச்சுப் பழசுல சுத்துனேன்."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. தாமரைச்செல்வி வெங்காயத்தோடு எழுந்து பட்டறை வாசற்படியில் வந்து நின்றாள். "என்னாங்க சொல்றீங்க?"

மாறன் இன்னும் சிரித்த முகமாகத்தான் இருந்தான், சிரிப்பை எடுக்க மறந்தவன் மாதிரி. "எதுக்கு மாஸ்டர்?"

"நீ தையமிசின்னு சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க."

"அதுக்கா?"

சோமசேகரன் தலையாட்டினார். சொல்லிப் பார்த்தால் அவ்வளவு சின்ன விஷயம் அது. பதினாறு வருஷமாக மனசுக்குள் அதற்கு வேறு வேறு பெரிய பெயர்கள் வைத்திருந்தார். திமிர், மரியாதைக் குறைவு, கலைக்கு அவமானம். வாயில் வந்தபோது ஒரு தையல் மெஷினும் நாலு பேர் சிரிப்பும்தான் இருந்தது.

மாறன் எழுந்து கொல்லைப்பக்கம் போனான். பற்றவைப்புக் கம்பி மேசையில் புகைந்துகொண்டே இருந்தது. சுகிர்தா வந்து சுவிட்சை அணைத்தாள். அவளைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன் ஒன்றை அணைக்காமல் போனது இதுதான் முதல் தடவை. அவள் சோமசேகரன் பக்கம் திரும்பவே இல்லை. தாமரைச்செல்வி மெதுவாக, தனக்குச் சொல்லிக்கொள்வதுபோல், "அந்த அரிசிய நான் அக்கம்பக்கத்துக்கெல்லாம் பெருமையா சொல்லிக் குடுத்தேனே" என்றாள்.

மாறன் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தான். பலகையிலிருந்து கிட்டார் வயரைக் கழற்றி, பெடல்களின் மேல் துணியால் ஒரு தடவை துடைத்தான்.

"எடுத்துட்டுப் போங்க. வேல முடிஞ்சுது."

"மாறா..."

"என்கிட்ட மன்னிப்பு கின்னிப்பு கேக்காதீங்க மாஸ்டர். எனக்கு என்னா சொல்றதுன்னு தெரியல. எங்கப்பாகிட்ட சொல்லுங்க. அவருகிட்டதான நீங்க கவனம் பத்தாதுன்னு சொன்னீங்க? அத நீங்களே எடுத்துருங்க."

வாசலுக்கு வந்தார்கள். காற்றில் தகரக் கொட்டகை தடதடத்தது. சோமசேகரன் மருதையன் காலடியில் குந்தினார். பெரியவர் பதறி, "என்னா மாஸ்டர், கீழ ஒக்காறீங்க" என்று நாற்காலியை விட்டு எழப் பார்த்தார். மாறன் அப்பாவின் தோளை அழுத்தி உட்காரவைத்தான்.

"அன்னைக்குத் தப்பு தம்பி மேல இல்லீங்க" என்றார் சோமசேகரன்.

"கேக்கல!"

"தப்பு மாறன் மேல இல்ல. என் மேல."

"காத்து அடிக்குது, ஒண்ணும் கேக்கல! சத்தமா சொல்லுங்க!"

சோமசேகரன் மாறனைத் திரும்பிப் பார்த்தார். காதருகே போய் அவன் சொல்லிவிடுவான் என்று ஒரு நிமிஷம் நம்பினார். மாறன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் இந்தப் பக்கம் பார்த்தாள். களை பறித்துவிட்டு ரோட்டில் போன மூன்று பெண்கள் நடையைக் குறைத்தார்கள்.

"மேட்டுக் கோயில்ல பெடலு கருகுனது மாறனால இல்ல!" என்று அவர் கத்தினார். "நாந்தான் அடாப்டர மாத்தி வெச்சேன்! வேணும்னே வெச்சேன்! அவன் ஒரு தப்பும் பண்ணல!"

களை பறித்த பெண்கள் நின்றேவிட்டார்கள். மருதையனுடைய வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக உள்ளே போய்ச் சேர நேரம் பிடித்தது. மகனைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"நான் ஒங்க கடைக்கு வந்து கேட்டேனே?"

சோமசேகரன் தலையாட்டினார்.

"தலையாட்டாதீங்க. சொல்லுங்க."

"ஆமா! வந்தீங்க!"

"கவனம் பத்தாதுன்னு சொன்னது?"

"நாந்தான் சொன்னேன்! பொய்யி!"

பெரியவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். திட்டிவிட்டால் தேவலை என்று சோமசேகரனுக்குத் தோன்றியது. பெரியவர் திட்டவில்லை. கேள்விதான் கேட்டார்.

"இத்தினி வருசம் சொல்லாதவரு, இன்னைக்கு என்னாத்துக்குச் சொல்றீங்க?"

சொல்வதற்கு நல்ல பதில்கள் இருந்தன. மனசு உறுத்தியது என்று சொல்லலாம். வயசாகிவிட்டது, சுமையை இறக்கிவைக்கிறேன் என்று சொல்லலாம். தெருவில் நின்றவர்கள்கூட அதைக் கேட்டால் போகட்டும் என்று நகர்ந்திருப்பார்கள். பின்னால் தாமரைச்செல்வி நிற்பது அவருக்குத் தெரிந்தது.

"போர்டு வேல செய்யல!" என்று கத்தினார். "அத சரி பண்ணத்தான் வந்தேன்! வந்த எடத்துல வாயில வந்துருச்சு!"

"அது நல்லா ஓடியிருந்தா?"

சோமசேகரனுக்குக் கத்துவதற்கு மூச்சு இல்லை. நிமிர்ந்து பெரியவர் முகத்தைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவனிடம் பேசுகிற குரலில், "வந்துருக்க மாட்டேன். சொல்லியிருக்கவும் மாட்டேன்" என்றார்.

மருதையன் அவர் உதட்டசைவைப் பார்த்தார். இதை மட்டும் சத்தமாகச் சொல்லச் சொல்லவில்லை.